‘வாங்க, வாங்க’ ஆங்கிலத்துக்குப் போனால்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் 2 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். தென்மாவட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் 8 ஆண்டுகள் வேலை பார்த்து, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் 7.5 வாங்கிச் சென்றவர். இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த, 80 வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவரை வாக்கர் பிடித்து நடக்க வைக்கும்போது, உற்சாகப்படுத்துவதாக எண்ணி, ‘கம், கம்... கம் ஆன், குவிக் குவிக்’ என்று சொல்லியிருக்கிறார். அருகில் இருந்த மகள், தன் தாயை மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டினார் என்று மருத்துவமனையின் குறைகேட்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதே வாரத்தில், ஹாங்காங்கைப் பூர்வீகமாகக் கொண்ட பராமரிப்பு உதவியாளர் ஒருவரிடம் இவர் ‘சாப் சாப்’ (சீக்கிரம், சீக்கிரம்) என்று சொன்னதும் மேலாளர் காதுக்குப் போயிருக்கிறது. அந்தச் சொல்லை வார்டில் ஒரு மூத்த வெள்ளைக்காரச் செவிலியரிடமிருந்துதான் கற்றுக்கொண்டதாகவும், அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை என்றும் வாசகி வருந்துகிறார். மேலாளர் முறைசாராத விதத்தில் பேசி, நடந்ததைப் பற்றித் தன்மதிப்பீட்டுக் குறிப்பு ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். செவிலியர் பதிவு பறிபோய்விடுமோ என்ற பயத்தில், விஷயம் பெரிதாவதற்குள் ராஜினாமா செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர். ‘என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா? இனிமேல் புத்தக ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டுமா? இது நிறவெறி இல்லையா?’ என்று கேட்டுவிட்டு, பின்குறிப்பாக, பிசியோதெரபிக்குப் போன நோயாளி ஒருவருக்கு ‘ப்ரேக் எ லெக்’ என்று வாழ்த்தியதும் வார்டே சிரித்ததாகவும், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பயப்பட எதுவும் இல்லை. ‘ப்ரேக் எ லெக்’ என்பது நாடகக்காரர்களின் வாழ்த்து. மேடையேறப் போகிறவரிடம் நல்லது நடக்கட்டும் என்று நேராகச் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற நம்பிக்கையில், காலை உடைத்துக்கொள் என்று தலைகீழாகச் சொல்வார்கள். அதை எலும்பு முறிவு வார்டில், அதுவும் கால் எலும்பை உடைத்துக்கொண்டு வந்து படுத்திருந்தவரிடம் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த நோயாளியும் சேர்ந்து சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அன்றைக்கு அவருக்கு வலி கொஞ்சம் குறைந்திருக்கும்.

மற்ற இரண்டும் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல. வெளிநாடு செல்லும் செவிலியருக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது என் தொழில். சட்டம் பற்றி நான் கீழே சொல்வதைப் பொது அறிவாக எடுத்துக்கொண்டு, முடிவெடுக்குமுன் உங்கள் தொழிற்சங்கத்திடம் கேட்டுவிடுங்கள்.

7.5 வாங்கியும் ஏன் இப்படி?

உங்கள் ஆங்கிலம் மோசமில்லை. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். தேர்வாளர் எதிரே அமர்ந்திருப்பார், நீங்கள் ஒரு தலைப்பைப் பற்றி விவரிப்பீர்கள், கருத்துச் சொல்வீர்கள். அந்த அறையில் யாரையும் எழுப்பி உட்கார வைக்க வேண்டியதில்லை. அழுகிறவரைத் தேற்ற வேண்டியதில்லை. சாப்பிட மறுப்பவரை இன்னும் ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டியதில்லை. ஆக, ஒருவரை ஊக்கப்படுத்துவது, அவசரப்படுத்துவது என்ற இரண்டு வேலைகளையும் ஆங்கிலத்தில் செய்து பார்க்காமலேயே நீங்கள் விமானம் ஏறியிருக்கிறீர்கள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதியவர்களாவது நோயாளியாக நடிப்பவரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

‘எங்கள் ஆச்சியிடம் இப்படித்தானே பேசுவோம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆச்சியிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: ‘வாங்க, வாங்க... அப்படித்தான்... வந்தாச்சு, வந்தாச்சு, மெல்ல வாங்க.’ இதில் ‘வாங்க’ என்ற ஒரே சொல்லுக்குள் ஏவலும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. மரியாதையைத் தனியாகச் சொல்ல வேண்டிய வேலையே நமக்கு இல்லை, ‘ங்க’ அதைப் பார்த்துக்கொள்கிறது. சொல்லை இரட்டித்ததும் அதில் வரவேற்பும் சேர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் அடுக்குத்தொடர் படித்திருப்பீர்கள். விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்று அது வரும் இடங்களைப் பட்டியலிட்டு ஒப்பித்திருப்போம். ‘பாம்பு பாம்பு’ அச்சம், ‘வருக வருக’ உவகை, ‘போ போ’ வெகுளி. அடுக்கு ஒன்றுதான், இடத்தையும் குரலையும் வைத்து நாம் பிரித்துக்கொள்கிறோம்.

இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘வா’ மட்டும் போய்ச் சேருகிறது. ‘ங்க’வுக்கு அங்கே வினைச்சொல்லில் இடமே இல்லை. ‘கம்’ என்பது வெறும் ஏவல். ஆச்சிக்கும் அதுதான், நாய்க்குட்டிக்கும் அதுதான். அதை இரட்டித்தால் இன்னும் மோசமாகிறது, ஏனென்றால் ‘கம், கம்’ என்பது ஆங்கிலத்தில் ஏற்கெனவே வேறொரு வேலைக்கு அமர்த்தப்பட்ட பழைய தொடர். பிள்ளை அடம்பிடித்தாலோ எதிராளி ஒவ்வாத பேச்சுப் பேசினாலோ ‘சரி சரி, போதும் உன் பேச்சு’ என்று கண்டிக்கிற தொனியில் பெரியவர்கள் சொல்வது அது. நீங்கள் வரவேற்றீர்கள், அந்த மகளின் காதில் கண்டிப்பு விழுந்தது. அதன் பின்னாலேயே ‘குவிக் குவிக்’ வேறு வந்தது.

‘கம் ஆன்’ என்பதற்கு எத்தனை பொருள்?

இங்குதான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. டென்னிஸ் ஆட்டத்தில் கூட்டம் ‘கம் ஆன்’ என்று கத்துவது ஊக்கம். பேருந்து நிறுத்தத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் திரும்பிப் பார்த்துத் தாய் சொல்லும் ‘கம் ஆன்’ சலிப்பு. நண்பன் அளந்துவிடும்போது இழுத்துச் சொல்லும் ‘கம் ஆஆன்’ என்பதற்கு ‘அட, விடுப்பா’ என்று பொருள். எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். தாழ்ந்த குரலில் தொடங்கி, மெல்ல மேலேற்றி, சிரிப்போடு விட்டால் ‘உங்களால் முடியும்’ என்று கேட்கும். ‘ஆன்’ என்பதில் அழுத்தி, இழுத்து, கீழே இறக்கினால் ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கேட்கும். நாம் தமிழில் பேசிப் பழகியபடி அசைகளையெல்லாம் ஏறத்தாழ ஒரே எடையில் அடுக்கி, கடைசியில் குரலை இறக்கி முடிக்கிறோம். தமிழில் அதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலக் காதுக்கு அது பல நேரங்களில் அதட்டலாகப் போய்ச் சேருகிறது.

இது என் ஊகமல்ல. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982இல் எழுதிய ஆய்வொன்றை என் வகுப்பில் தவறாமல் சொல்வேன். பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று பெயர் வாங்கிவிட்டார்கள். அவர்கள் பேசியதே சில சொற்கள்தான். இறைச்சி வாங்குபவரிடம், மேலே கிரேவி ஊற்றட்டுமா என்று கேட்க வேண்டும். (நம்மூர் ஹோட்டல் கிரேவி அல்ல, இறைச்சிச் சாற்றில் செய்யும் பழுப்புநிறக் குழம்பு.) உள்ளூர்ப் பணியாளர் ‘கிரேவி?’ என்று குரலை ஏற்றிக் கேட்டார். நம் பெண்கள் ‘கிரேவி’ என்று குரலை இறக்கிச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது, ‘இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் போ’ என்பதுபோல் ஒலித்தது. இரண்டையும் பதிவு செய்து போட்டுக் காட்டியபோது அந்தப் பெண்கள் முதலில், ‘நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்’ என்றார்கள். வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டிய பிறகுதான், தங்களை மற்றவர்கள் ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் குரலை இறக்கிக் கேட்பது அவர்கள் மொழியின் வழக்கம், அதில் திமிர் இல்லை என்பதை மேற்பார்வையாளர்களும் அன்றுதான் கற்றுக்கொண்டார்கள். இந்த இரண்டாம் பாதியை உங்கள் மேலாளரிடம் சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வார்டில் என்ன சொல்லலாம்?

புத்தக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. ‘ப்ளீஸ் வாக்’ என்று விறைப்பாகச் சொல்வது இன்னும் தூரமாக்கும். ‘ப்ளீஸ்’ என்பதை ‘ங்க’வுக்கு மாற்று என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏவலின் முன்னால் அதை ஒட்டினால், பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோலவும் கேட்கும்.

நாளைக் காலை உங்கள் வார்டில் ஐந்து நிமிடம் மற்றவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘கேன் யூ ஜஸ்ட் பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ?’ என்பார்கள். ‘பாப்’ என்றால் சட்டென்று, சிரமமில்லாமல் செய்துவிடக்கூடிய சின்ன வேலை என்று குறிப்பு. ‘ஃபார் மீ’ என்றால் எனக்காகக் கொஞ்சம் செய்யுங்கள் என்று பொருள். நம் ‘ங்க’ அந்த இரண்டு சொற்களிலும், கேள்வியாக்கிய வாக்கியத்திலும் பிரிந்து கிடக்கிறது. நடக்க வைக்கும்போது ‘ஷல் வீ ஹேவ் எ கோ?’ என்று தொடங்குவார்கள். ‘வென் யூ ஆர் ரெடி’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே காத்திருப்பார்கள். நடுவில் ‘நைஸ் அண்ட் ஸ்டெடி’, ‘யூ ஆர் டூயிங் ரியலி வெல்’, நாற்காலியை நெருங்கும்போது ‘நியர்லி தேர்’. இந்த ஐந்தாறு தொடர்கள் போதும், அவற்றை இராகத்தோடு மனப்பாடம் செய்யுங்கள். இடுப்பெலும்பு அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்க வைக்க முயல வேண்டும் என்பது அந்நாட்டு வழிகாட்டுதல். எனவே ஊக்கப்படுத்தும் பேச்சும் உங்கள் சிகிச்சையில் ஒரு பகுதிதான், அதை விட்டுவிட முடியாது.

ஊக்கச் சொற்களிலும் கவனம் வேண்டியவை உண்டு. ‘சின் அப்’ என்பதைக் கெட்ட செய்தி கேட்டு உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் ‘அழாதே, நிமிர்ந்து உட்கார்’ என்று கேட்கும். ‘ஹேங் இன் தேர்’ என்பது அமெரிக்க வழக்கு. தாக்குப்பிடித்தால் முடிவில் தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை உள்ளவருக்கே பொருந்தும், இறுதிக்கட்டத்தில் இருப்பவரிடம் வேண்டாம். ‘கீப் யுவர் பெக்கர் அப்’ என்று உங்கள் வார்டுத் தாத்தாக்கள் சொன்னால் தைரியமாக இரு என்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அமெரிக்காவில் ‘பெக்கர்’ என்பது ஆணுறுப்புக்கான கொச்சைச் சொல், ஆகவே அதைத் தாத்தாக்களிடமே விட்டுவிடுங்கள். மாத்திரை விழுங்கிய மூதாட்டியிடம் ‘குட் கேர்ள்’ என்று சொல்லவே கூடாது. முதியவரிடம் குழந்தைப் பேச்சுப் பேசுவதற்கு ‘எல்டர்ஸ்பீக்’ என்றே ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்துக் கண்டிக்கிறார்கள். நோயாளிகள் உங்களை ‘மீ டக்’ என்கிறார்களே, அது வாத்து அல்ல. கொங்கு நாட்டில் ‘கண்ணு’ என்பதுபோல அந்த வட்டாரத்தின் வாஞ்சை. வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிச் சொல்ல வேண்டாம். எப்படிக் கூப்பிடுவது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்தப் பெயரால் அழையுங்கள்.

பொறுமையின்மைச் சொற்களைப் பற்றி என் கருத்து கறாரானது. ‘கெட் எ மூவ் ஆன்’, ‘வாட்ஸ் தி ஹோல்ட் அப்’, ‘எனி டே நவ்’, ‘ஃபார் க்ரையிங் அவுட் லவுட்’ ஆகியவற்றின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள், வேலையிடத்தில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். இவற்றைச் சிரிப்பாக மாற்றுவது பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் உள்ள பழக்கம்தான். பத்தாண்டுகள் ஒன்றாக டீ குடித்தவரிடம் அது கேலி, உங்களிடமிருந்து வந்தால் அதிகாரம். ‘டேக் யுவர் டைம்’, ‘இன் யுவர் ஓன் டைம்’ என்பவை மேலுக்குப் பரிவானவை. பெருமூச்சோடு சொன்னால் ‘நிதானமா வாங்க துரை’ என்ற குத்தலாகிவிடும். வேலை உண்மையிலேயே தாமதமாகிறதா? காரணத்தைச் சொல்லி வேண்டுங்கள்: பத்து மணிக்கு எக்ஸ்ரே, அதற்குள் மாற்றிவிட முடியுமா என்று. காரணம் சொன்னால் அதட்டலாகக் கேட்காது.

‘சாப் சாப்’: நோக்கமும் விளைவும்

இந்தச் சொல் கேன்டன் துறைமுகத்தில் சீன வணிகர்களும் ஆங்கிலேயர்களும் பேசிக்கொண்ட கலப்பு ஆங்கிலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பரவியது. ‘சாப்’ என்றால் விரைவு. ‘சாப்ஸ்டிக்’ என்பதிலும் அதுதான் இருக்கிறது என்பார்கள். பின்னர் காலனியக் காலத்தில் துரைமார் வேலைக்காரர்களைக் கைதட்டி விரட்டும் சொல்லாக அது நிலைத்தது. இன்று பிரிட்டனில் பலர் இந்த வரலாறு தெரியாமல் தங்கள் பிள்ளைகளிடமே சொல்கிறார்கள். ஹாங்காங் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள். ‘கூலி’ என்ற சொல்லை யாராவது உங்களைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

‘நான் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை’ என்பது உண்மை, ஆனால் அது மட்டும் போதாது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், இனம் உள்ளிட்ட பண்புகளோடு தொடர்புடைய விரும்பத்தகாத நடத்தையின் நோக்கத்தை மட்டுமல்லாமல் விளைவையும் பார்க்கிறது. பாதிக்கப்பட்டவர் அதை எப்படி உணர்ந்தார், சூழல் என்ன, அப்படி உணர்வது நியாயமா என்பவை எடைபோடப்படும். ஒரே ஒரு தடவை தெரியாமல் சொன்னது வழக்காகிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. எண்ணத்தை மட்டும் வைத்து வாதாடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மூத்த செவிலியர் சொன்னால் கேட்பாரில்லை, நான் சொன்னால் குற்றமா என்ற உங்கள் ஆதங்கத்தை நான் தள்ளிவிடவில்லை. ஒரே செயலுக்கு இருவரை வெவ்வேறாக நடத்தினால் அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் அவரிடமும் மேலாளர் தனியாகப் பேசியிருக்கலாம், அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனவே தேதி, நேரம், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். புகார் செய்வதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் சங்கத்திடம் இந்த வாரமே பேசுங்கள். இதுவரை சங்கத்தில் சேராதிருந்தால், சேருமுன் எழுந்த பிரச்சினையை அவர்கள் எடுத்துக்கொள்ள மறுக்கலாம், ஆனாலும் சேர்ந்துவிடுங்கள். முறையான ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டம் என்று அழைத்தால் சக ஊழியர் ஒருவரையோ சங்கப் பிரதிநிதியையோ உடன் அழைத்துச் செல்லச் சட்டம் உரிமை தருகிறது. இப்போது நடந்ததுபோன்ற முறைசாராப் பேச்சுக்கு அந்த உரிமை பொருந்தாது. கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

குறிப்பும் ராஜினாமாவும்

பதிவைப் புதுப்பிக்க 3 ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் ஐந்து தன்மதிப்பீட்டுக் குறிப்புகள் எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மேலாளர் கேட்டிருப்பது தண்டனையன்று, அந்த ஐந்தில் ஒன்றாகவே இதை வைத்துக்கொள்ளலாம். நோயாளி, மகள், உதவியாளர் யாருடைய பெயரும் அடையாளமும் அதில் வரக் கூடாது. ‘கலாச்சார வேறுபாட்டால் தவறாகப் புரிந்துகொண்டார்கள்’ என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியத்தில் தவறு செய்தவர்கள் அவர்களாகிவிடுகிறார்கள். என்ன சொன்னேன், என் மொழியில் அதற்கு என்ன பொருள், அவர்கள் காதில் அது எப்படி விழுந்தது, இனி அதற்குப் பதிலாக என்ன சொல்கிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அடுக்குத்தொடரைப் பற்றி நான் மேலே எழுதியதை எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூத்த செவிலியரைப் பற்றிய பேச்சு இந்தத் தாளில் வேண்டாம், அது வேறு தாள்.

ராஜினாமா வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். சிறு புகார்களைப் பணியிடத்திலேயே தீர்க்க முயல வேண்டும் என்பதுதான் செவிலியர் கவுன்சிலே வேலையளிப்போருக்குச் சொல்லும் வழி. அங்கேயே முடியக்கூடியதை நீங்களாகப் பெரிதாக்குவானேன்? உங்கள் விசாவும் வேலையளிப்பவரோடு கட்டப்பட்டது. புது இடத்தில் ஸ்பான்சர் சான்றிதழும் விண்ணப்பமும் முடியாமல் வேலையை விட்டால், பொதுவாக 60 நாள் அவகாசம் தந்து விசாவைச் சுருக்கிவிடுவார்கள்.

மகளிடம் நீங்களாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டாம், புகார் அலுவலகம் வழியாக வந்ததற்குப் பதிலும் மேலாளர் வழியாகவே போகட்டும். சக ஊழியரிடம் மட்டும் நீங்களே பேசுங்கள், மற்றவர்கள் இல்லாத இடத்தில், இரண்டே வாக்கியத்தில்: ‘அந்தச் சொல்லின் வரலாறு தெரியாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். இனி சொல்ல மாட்டேன்.’ ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்ற ‘ஆல்’ வேண்டாம், புண்பட்டதால்தான் விஷயம் மேலாளர் வரை போனது. அவர் பதில் எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனால், அதை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். ‘ஆர் வீ ஓகே?’ என்று பின்னாலேயே போய்க் கேட்டு அவரை அவசரப்படுத்தாதீர்கள்.